வடகிழக்கு மூலை

ஐயர் கடப்பாரைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்.

"முதல் குத்து வடகிழக்கு மூலையிலதான்."

அவள் தன் புருஷனைப் பார்த்தாள். சென்னியப்பன் பில்டருடைய காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மூலையில்தான் அவர்களுடைய தலைப்பிள்ளை கிடக்கிறது.

அப்போது இது சோளக்காடு. வேலியோரம் குழி வெட்டியது சென்னியப்பன்தான். திசை பார்த்தா பிள்ளையைப் புதைப்பார்கள்? பெயர் வைக்கும் முன்பே போய்விட்டது. பெயர் சொல்லி அழக்கூட அவளுக்கு வழியில்லை.

மாமனார் நல்ல மனிதர். காட்டை மகனுக்கு எழுதிவைத்தபோது, அந்த மூலையில் எக்காலத்திலும் தோண்டக் கூடாது, கட்டக் கூடாது, மருமகள் சம்மதமில்லாமல் இதை மாற்றவும் கூடாது என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தார்.

பிறகு சுற்றிலும் அடுக்குமாடிகள் வந்தன. இங்கே மட்டும் அந்த வரி குறுக்கே நின்றது.

போன மாதம் சென்னியப்பன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

"அந்த வரி இருந்தா பேங்குல லோன் தரமாட்டீங்கறாங்க. மூலைய அப்படியே உட்டுருவாங்க, பேசீட்டேன். நானிருக்கறனல்ல."

நம்பினாள். குழி வெட்டிய கையல்லவா? பத்திர ஆபீசில் சம்மதமா என்று கேட்டபோது தலையாட்டினாள். வரியை நீக்கிவிட்டார்கள்.

இன்று பார்த்தால், கட்டடத்துக்குப் போட்ட சுண்ணாம்புக் கோடு மூலையையும் சேர்த்துக்கொண்டு ஓடுகிறது.

சென்னியப்பன் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். அன்றும் அப்படித்தான் கட்டினார்.

அந்த இடம் வேண்டாம் என்று இப்போதாவது சொல்வார் என்று காத்திருந்தாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் முணுமுணுத்தார். "ஒரு குத்துத்தான். சாங்கியத்துக்கு."

"தம்பதியா சேர்ந்து பிடிக்கணும்," என்றார் ஐயர். "அம்மா, நீங்களும் கை வையுங்கோ."

அவள் வந்தாள். கை வைத்தாள்.

சென்னியப்பன் ஓங்கப் பார்த்தார். கடப்பாரை எழவில்லை.

மறுபடி இழுத்தார்.

அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

படம் பிடித்துக்கொண்டிருந்த பில்டர் செல்போனைக் கீழே இறக்கினார்.

ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் முடியப் போகிறது என்றார்.

அவள் பிடியை இறுக்கினாள்.