பச்சைக் கோடு

"என்னங்க, உங்கம்மாகிட்ட நீங்க பேசுறீங்களா, நான் பேசட்டுமா?"

ஆபீஸிலிருந்த கணவன் போனில் பெருமூச்சு விட்டான். "இப்ப என்ன?"

"மூணு மணியானா நெட் நொண்டுது. அத்தை காலையிலேர்ந்து போனும் கையுமா என் ரூம் வாசல்லயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்காங்க. சீரியல் பார்த்தே நெட்டைக் காலி பண்றாங்க."

"அம்மா சீரியலே பார்க்க மாட்டாங்களே."

"அப்ப என்னை வேவு பார்க்குறாங்க!"

அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. நெட் கிடைக்காமல் தவிப்பவர்களுக்கு வழி சொல்ல வேண்டும். சேர்ந்து மூன்றாவது வாரம். இன்றைக்கு மட்டும் இரண்டு பேரிடம் பேசும்போது பாதியில் அறுந்துவிட்டது.

மேலதிகாரி கூப்பிட்டார். "உங்க கம்ப்யூட்டரோட இணைப்புப் படத்தை எடுத்து அனுப்புங்கம்மா. இன்னொரு தடவை கட் ஆச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அந்தப் படம் அவளுக்கு அத்துப்படி. கம்ப்யூட்டரில் எத்தனை இணைப்பு, எது வழியாக நெட் ஓடுகிறது என்று கட்டமும் கோடுமாக வரைந்து காட்டும். ஊருக்கெல்லாம் எடுத்துப் பார்க்கச் சொல்பவள், தன்னுடையதைப் பார்த்ததே இல்லை. குற்றவாளிதான் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாரே!

படம் வந்தது.

வயர் இணைப்பு சிவப்பு. ஐந்து நாளாக உயிரில்லை.

வைஃபை பச்சை. அந்தப் பச்சைக் கோடு போய் முடிந்த கட்டத்தில் இருந்தது ஒரு பெயர்: 'அத்தை போன்'.

கதவைத் திறந்தாள். "அத்தை, வயர் என்னாச்சு?"

மாமியார் திருதிருவென்று விழித்தார். "தெருமுனையில பள்ளம் தோண்டுறப்ப அறுத்துட்டாங்களாம். சரி பண்ண ஒரு வாரம் ஆகும்னாங்க. புது வேலை, நீ பதறிப் போயிடுவியேன்னு... போன மாசம் கரெண்ட் போனப்ப சொல்லிக் குடுத்தியே, அதே மாதிரி என் போன்லேர்ந்து நெட் விட்டேன், உன் கம்ப்யூட்டர் தானாவே எடுத்துக்கிச்சு. தள்ளிப் போனா உனக்குக் கிடைக்கல. அதான் இங்கேயே உட்கார்ந்துட்டேன். ஒரு நாளைக்குக் குடுக்குற நெட் சாயங்காலத்துக்குள்ள தீர்ந்துடுதும்மா, மன்னிச்சுக்கோ."

"அப்ப தினமும் உங்க பொண்ணும் குழந்தையும் உங்ககூடப் பேச வீடியோவுல வருவாங்களே?"

"அவங்க எங்க போயிடப் போறாங்க? அடுத்த வாரம் பார்த்துக்கிறேன்."

அவள் கையிலிருந்த போன் அடித்தது. கணவன்.

"சரி, அம்மாகிட்ட நானே பேசுறேன். குடு."

"வேண்டாங்க. நெட்டைக் காலி பண்றது யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

"யாரு?"

"நான்தான்."