ஐந்தாவது முள்

நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய உள்ளங்கையளவு பிளாஸ்டிக் விமானத்தின்மேல் தமிழ்வேந்தன் காலையிலிருந்து குனிந்தே இருந்தான். விமானி அறைக்குள் கடுகு அளவில் ஐந்து மீட்டர்கள். ஒவ்வொன்றிலும் ஒற்றை மயிர் பிரஷ்ஷால் வெள்ளை முள் வரைய வேண்டும். நான்கு எப்படியோ வந்துவிட்டன. ஐந்தாவதை ஒன்பது தடவை அழித்துவிட்டான்.

"ஏனுங்க, கண்ணாடி மூடியை ஒட்டிப்போட்டா உள்ள இருக்கறது யாருக்குத் தெரியப்போகுது?" சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்றாள் மனைவி மதிவதனி. "லீவு போட்டுட்டுப் பொம்மையோட மல்லுக்கட்டறீங்க."

"இன்னும் ஒரே தடவை, அம்மணி." குரல் கெஞ்சியது.

ஒரு தடவை நேராக வந்தால் போதும் என்று மனம் அடித்துக்கொண்டது. மூச்சை அடக்கி பிரஷ்ஷை இறக்கினான். முள் பிசகிப் பக்கத்து மீட்டருக்குள் போய் நின்றது.

பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தான்.

"சிஸ்டர், டாக்டர் தமிழ்வேந்தன் பேசறனுங்க. நாளைக்கு நான் செய்யறதா இருந்த கண் ஆபரேஷனையெல்லாம் வேற டாக்டருக்கு மாத்திருங்க. இல்லீங்க, நாளைக்கு மட்டும் இல்லீங்க. இனி எதுவுமே எம்பேர்ல போட வேண்டாமுங்க."

மதிவதனி தட்டை வைத்துவிட்டு, அவனுடைய வலது கையை இரு கைகளாலும் இறுகப் பொத்திக்கொண்டாள்.

அப்போதும் அது நடுங்கிக்கொண்டே இருந்தது.