அலறல் அக்காவின் கையெழுத்து

“ஒரே ஒரு தடவை அலறிக் காட்டுங்கக்கா” என்றார் வேற்றுக்கிரகவாசி.

நல்ல உயரமான ஆள். பச்சை ரப்பர் முகமூடிக்குள் வேர்த்துக் கொட்டியிருக்க வேண்டும். கழுத்துப் பக்கமாகக் கைக்குட்டையை உள்ளே விட்டுத் துடைத்துக்கொண்டார்.

அலறல் அக்கா சிரித்து மழுப்பினாள். தொண்டையைத் தொட்டுக் காட்டி, டாக்டர் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றாள். எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் இதே சாக்குதான். இதுவரை காலை வாரியதில்லை.

பழைய விண்வெளிப் படங்களின் மிச்சம் மீதிகளைச் சேர்ப்பவர்கள் கூடுகிற கண்காட்சி அது. மண்டபம் முழுக்கத் தகரப் பறக்கும் தட்டுகள், பழுப்பேறிய சுவரொட்டிகள், கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று விரல் கையுறைகள். உறை பிரிக்காத பொம்மைக்குத்தான் மவுசு என்பதால், தலை நரைத்தவர்கள் பொம்மைகளைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்துக் காவல் காத்தார்கள்.

அக்கா நடித்தது ஒரே படம். அதிலும் ஒரே காட்சி. பறக்கும் தட்டின் கதவு திறக்கும். உள்ளேயிருந்து இறங்கி வருவதை முதலில் பார்ப்பவள் அவள்தான். வாயைப் பிளந்து அலறுவாள். படம் வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்த அலறலைக் கைப்பேசி மணியாக வைத்திருப்பவர்கள் இருந்தார்கள். அந்தக் காட்சியின் புகைப்படத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கத்தான் இந்த வரிசை.

அலறியது அவள் இல்லை.

படப்பிடிப்பு அன்று படத்து வேற்றுக்கிரகவாசி திரும்பியபோது முதுகு ஜிப் பாதியில் சிக்கி, உள்ளேயிருந்தவரின் ஓட்டை பனியன் தெரிந்தது. அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. எத்தனை தடவை எடுத்தும் அலறல் வரவில்லை. இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டு, வாயை மட்டும் திறந்து வை, சத்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அப்புறம் யாரோ ஒரு பின்னணிக் குரல்காரி வந்து அலறிவிட்டுப் போனாளாம். அக்கா அவளைப் பார்த்ததே இல்லை. இயக்குநரும் ஒலிப்பதிவாளரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் விஷயம் அத்தோடு அமுங்கிப்போனது.

வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. அவளைப் பார்த்ததும் நாலு பேர் முகம் மலர்கிற இடம் இது ஒன்றுதான். அதனால் அவளும் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை.

இந்த ஆள் விடுகிற மாதிரித் தெரியவில்லை. பெரிதாக வேண்டாம், சின்னதாக ஒன்று போதும் என்று கெஞ்சினார். வரிசையில் நின்றவர்களும் கூடச் சேர்ந்து கைதட்ட ஆரம்பித்தார்கள். கைப்பேசிகள் மேலே எழுந்தன.

கீச்சென்று ஏதாவது வந்து தொலைத்தால் இத்தனை வருஷ மானமும் கப்பலேறிவிடும். மறுத்தாலும் இனி விடமாட்டார்கள்.

வேறு வழியில்லாமல் எழுந்து நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

அலறல் வந்தது.

அதே அலறல். விறுவிறுவென்று மேலே ஏறி, உச்சியில் ஒரு கணம் உடைந்து, மறுபடியும் ஏறுகிற அதே அலறல்.

மண்டபத்தில் கைதட்டல் அடங்கவே வெகுநேரம் ஆனது. வேற்றுக்கிரகவாசி முகமூடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

அக்கா பொத்தென்று உட்கார்ந்தாள். சத்தம் அந்த உயரமான ஆளின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். திறந்த வாயைப் பார்த்தவர்களுக்குச் சத்தம் எங்கிருந்து வந்தால் என்ன? சினிமாவே அப்படித்தானே ஓடுகிறது.

அவர் நகர்ந்ததும் பின்னால் நின்றவள் மேஜைக்கு வந்தாள். குள்ளமாக, அக்காவின் வயதுதான் இருக்கும். தோளில் துணிப்பை. தொண்டை மிட்டாய் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா? அக்கா ஒரு புகைப்படத்தை எடுத்து, பழக்க தோஷத்தில், என்ன பெயர் போட்டுக் கொடுக்கட்டும் என்று கேட்டுவிட்டாள்.

“பேரெல்லாம் எதுக்குங்க. படத்துலயே போடலியே” என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை.

அக்கா தலை குனிந்தாள். பிறகு புகைப்படத்தை அவள் பக்கமாகத் திருப்பி வைத்து, வெள்ளி மைப் பேனாவை அவளிடம் நீட்டினாள்.

வந்தவளுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துப் பழக்கமில்லை போலிருக்கிறது. பேனாவை வைத்துக்கொண்டு எங்கே போடுவதென்று படத்தில் இடம் தேடினாள்.

அக்கா படத்தில் பிளந்திருந்த தன் வாயைத் தொட்டுக் காட்டினாள்.