எதிரொலி நீக்கி

பிள்ளைகளின் கழுத்துக்குக் குரல்பட்டை வந்த பிறகு ஜெசிந்தா டீச்சரின் சிறப்பு வகுப்பில் கூச்சலே இல்லை. காதில் விழுந்ததை நாள் முழுக்கத் திருப்பிச் சொல்லும் பிள்ளைகள் அவர்கள். பட்டை அந்தச் சத்தத்தை அமுக்கிவிட்டு, அவர்களுக்காகப் பதவிசாக ஒரு வாக்கியம் பேசும்.

வெளியே பள்ளி வேன் ஹாரன் அடித்தது.

"வீட்டுக்குப் போகலாம் மிஸ்," என்றது மகிழினியின் பட்டை. ஆறு வயது மகிழினியோ மேசைக்கடியில் புகுந்து அதன் காலைக் கட்டிக்கொண்டாள். அவள் உதடுகள் ஓயாமல் அசைந்தன.

"பட்டை இறுக்குதாடா தங்கம்?" என்று குனிந்து அதைக் கழற்றினாள் ஜெசிந்தா.

பல்லைக் கடித்துக்கொண்டு, யாரோ ஒரு பெரியவளின் தொனியில் குழந்தை சொன்னது: "அழுதே, பின்னாடி பெட்டியில போட்டுப் பூட்டிருவேன். அழுதே, பின்னாடி பெட்டியில..."

மகிழினிக்குக் கதை கட்டத் தெரியாது. கேட்டதை, கேட்ட தொனியிலேயே சொல்வாள்.

பையோடு நின்ற ரியாஸின் பட்டை, "டாட்டா மிஸ்," என்றது. அதையும் கழற்றினாள்.

"அழுதே, பின்னாடி பெட்டியில..."

ரியாஸின் வாயிலும் அதே தொனி.

வாசலில் நிழல் விழுந்தது. வேன் ஆயா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன டீச்சர், பட்டையைக் கழட்டிட்டீங்க? சத்தம் போடுவாங்களே!"

இரண்டு பிள்ளைகளும் சட்டென்று தங்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.