துணைக்கால்

அத்தோ நூடுல்ஸ் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, அவன் அந்த ஒளிநகலைக் கடைக்காரியிடம் நீட்டினான்.

பாலி மொழி. பர்மிய எழுத்து.

மொழி அவனுக்குத் தெரியும். எழுத்து தெரியாது.

அவளுக்கு எழுத்து தெரியும். மோல்மீனில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அகதியாகக் கப்பலேறிச் சென்னைக்கு வந்தவள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே நாற்பது வருடமாய்க் கடை.

இறந்தவர் முன் வாசிக்கிற சிறு நூல் அது. ஆங்கிலத்திலிருந்து அவன்தான் தமிழாக்கியிருந்தான். தங்கை மகனின் உடலருகே நின்று அவனே வாசித்தான்.

'வணங்கி, அழாமல், விடைகொடு.'

தங்கை யசோதரா நிமிர்ந்து பார்த்தாள்.

"புத்தர் சொல்லியிருந்தா சரிண்ணா."

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ஏழு மாதம். இன்னும் அழவில்லை. தூங்குவதும் இல்லை.

அந்த வரி சரிதானா என்று பார்க்க, அவன் பாலி மூலத்தைத் தேடினான். நூலகங்களில் இல்லை. தெரிந்த விகாரைகளுக்கெல்லாம் எழுதினான். கடைசியில் மாண்டலேயிலிருந்து, முகமறியாத ஒரு பிக்கு இந்த ஒரு பக்கத்தை அனுப்பிவைத்தார்.

"படிக்கிறேன். அர்த்தம் மட்டும் கேக்காதே தம்பி."

கடைக்காரி கையைத் துடைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

ஒன்றும் பிடிபடவில்லை. அவன் அறிந்த பாலியே இல்லை அது.

பிறகுதான் உறைத்தது. சற்றுமுன் அவள் ரங்கூனை யாங்கோன் என்றாள். அவள் வாயில் ரகரம் யகரமாகிவிடுகிறது.

"மூணாவது வரிய இன்னொரு தடவை படிங்கக்கா."

"சயுதித்வா."

சருதித்வா.

அவன் தாளை எட்டிப் பார்த்தான்.

'ச'வா, 'சா'வா?

நெடிலானால், உள்ளே மறுக்கும் ஒரு 'அ' இருக்கிறது: அழாமல்.

குறிலானால், அழுதபின்.

"முதல் எழுத்துக்குப் பக்கத்துல கால் இருக்கா பாருங்க. நம்ம துணைக்கால் மாதிரி."

"ஏன்டா, எனக்கே பர்மா எழுத்து சொல்லித் தர்றியா?"

சிரித்தபடி தாளை வெளிச்சத்துக்கு உயர்த்தினாள். மை மங்கிய அச்சு. கண்ணருகே கொண்டுபோனாள். விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"கடைசி எழுத்துக்குக் கால் இருக்கு. இதுக்கு இல்ல."

"நல்லாப் பாருங்கக்கா."

அவள் சிரிப்பு நின்றது. அவன் முகத்தைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

"இல்லப்பா. சத்தியமா இல்ல."

அழுதபின், விடைகொடு.

அங்கேயே நின்று தங்கைக்குப் போன் செய்தான்.

"யசோ, நான் தப்பா வாசிச்சிட்டேன்மா. அழுதுட்டு அனுப்புன்னுதான் எழுதியிருக்கு."





மறுமுனையில், மூச்சு முட்டுவதுபோல் ஒரு விம்மல்.

பிறகு, பிள்ளையின் பெயர்.

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"அக்கா, ரெண்டு அத்தோ, ஒரு முட்டை!" யாரோ குரல் கொடுத்தார்கள்.

கடைக்காரி உதட்டில் விரல் வைத்தாள்.

பிறகு குனிந்து, இரைந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்தாள்.