கொடிவேரிக்கு வழி

"இந்த மாரியம்மன் கோயிலைக் காலையில இருந்து மூணாந்தடவை பாக்கறேன், ரூத்."

தங்கராஜ் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றினான். கேரியரில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி இறங்கிச் சேலையை உதறிக்கொண்டாள்.

"வேற கோயிலா இருக்குமுங்க. எல்லாக் கோயிலுக்கும் ஒரே சுண்ணாம்புதான அடிக்கறாங்க."

"அதே கோயில்தான். வாசல்ல அதே கறுப்பு ஆடு."

தங்கராஜுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. கையில் அவனே வரைந்த படம் இருந்தது. கோபிசெட்டிபாளையத்திலிருந்து வாய்க்கால் கரை வழியாகக் கொடிவேரி அணை. அங்கிருந்து, மைசூர்ப் படைகள் மலையிறங்கி வந்த பழைய பாதையில் சத்தியமங்கலம். அடுத்த சனிக்கிழமை ஆசிரியர் சைக்கிள் சங்கத்தார் பன்னிரண்டு பேர் சுற்றுலா கிளம்புகிறார்கள். அவன் வழியை ஓட்டிப் பார்த்து, நாளைக்குப் படத்தைச் சங்கத்தில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் டிராயிங் மாஸ்டர் ஞானமுத்து போட்ட வழிதான். "சரித்திர வாத்தியாருக்கு ராஜா பேரு தெரியும், ரோடு தெரியுமா?" என்று ஞானமுத்து எல்லோர் முன்னிலையிலும் கேட்டிருந்தார். அது இன்னும் தங்கராஜின் காதை விட்டுப் போகவில்லை.

சங்கத்தில் பாதிப்பேர் சம்சாரத்தைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வரப்போகிறார்கள். அந்தப் பாரத்தோடு மேடு ஏற முடியுமா என்று பார்க்கத்தான் ரூத்தைக் கூட்டிப் போவதாக வீட்டில் சொன்னான். அரிசி மூட்டை போதாதா என்று அண்ணன் கேட்டார். ஆர்.எஸ்.புரத்தில் இரண்டே அறையுள்ள அந்த வீட்டில் பதினோரு பேரும் சிரித்தார்கள். கல்யாணமாகி மூன்று மாதந்தான் ஆகியிருந்த ரூத் மட்டும் சிரிக்கவில்லை.

நடவுக் காலம். கரையில் ஆண்பிள்ளை ஒருவரையும் காணோம். வயல் நெடுகப் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் போய் வழி கேட்பது ஒரு வாத்தியாருக்கு அழகல்ல. ஆகவே ஒவ்வொரு தடவையும் ரூத்தான் வரப்பில் இறங்கிப் போனாள். அவன் வயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சைக்கிளைப் பிடித்தபடி நின்றான்.

"கேட்டுப்போட்டு வாரேனுங்க" என்று இப்போதும் போனாள். முதுகுக்குப் பின்னால் வெகுநேரம் பேச்சும் சிரிப்பும் கேட்டன.

"வடக்கால போகச் சொல்றாங்க. ரெண்டாவது மதகுல திரும்பணுமாமுங்க."

"காலையில தெக்கால போகச் சொன்னாங்கன்னு சொன்னயே?"

"அது வேற பொம்பளைங்கங்க."

"வழி சொல்றதுக்கு எதுக்கு இத்தனை சிரிப்பு?"

"படம் போட்டுக் கொண்டாந்தும் வாத்தியாருக்கு வழி தெரியிலயான்னு சிரிக்கறாங்க."

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட தங்கராஜ் சைக்கிளை மிதித்தான். இடது கைப்பக்கம் வரவேண்டிய பவளமலை வலது கைப்பக்கம் வந்தது. கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"சிமெண்ட் ஊர்ல வளந்த உனக்கு வாய்க்கால் கரையெல்லாம் எங்க தெரியப்போகுது" என்றான். ரூத், சிமெண்ட் ஆலை இருக்கிற மதுக்கரைப் பெண்.

அவள் பேச்சை மாற்றினாள். "ஏனுங்க, அந்த மைசூர்ப் படையெல்லாம் வழி தப்பாமயா போச்சு?" என்று கேட்டாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தவன், வக்கீலுக்குப் படிக்க ஆசைப்பட்டதையும் அப்பா தடுத்ததையும் சொன்னான். இதுவரை யாரிடமும் சொல்லாத சங்கதி. ரூத் தனக்குக் காப்பியே பிடிக்காது என்றாள்.

"மூணு மாசமா தினமும் குடிக்கறயே?"

"அத்தை ஊத்திக் குடுக்கறாங்க. எப்படிங்க வேண்டாங்கறது?"

பாவமாக இருந்தது அவனுக்கு. நாளையிலிருந்து அவள் டம்ளரையும் தானே குடித்துவிடுவதாகச் சொன்னான். பேசிக்கொண்டே இரண்டாவது மதகில் திரும்பினார்கள். எதிரே மாரியம்மன் கோயில் வந்தது. நாலாவது தடவை. ஆடு எழுந்து நின்று அவர்களைப் பார்த்தது.

மணி மூன்றரை. சத்தியமங்கலத்திலிருந்து சைக்கிளை மேலே போட்டுக்கொண்டு வீடு திரும்பக் கடைசி பஸ் ஆறு மணிக்கு. ஞானமுத்து ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கப்போகிறார் என்று நினைத்ததும் தங்கராஜுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. நல்லவேளையாக, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் கரைமேல் வந்தார்.

"நான் கேக்கறேனுங்க" என்று ரூத் அவசரமாக முன்னால் போனாள்.

"ஆம்பளைதான, நானே கேட்டுக்கறேன். ஏனுங்க, கொடிவேரிக்கு எப்படிங்க போறது?"

வந்தவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கொடிவேரிங்களா? அந்தத் தென்னந்தோப்புக்கு அந்தண்டை தண்ணிச் சத்தம் கேக்குதுங்களே, அதுதானுங்க. ரெண்டு பர்லாங்கு."

தங்கராஜ் காதைக் கொடுத்துக் கேட்டான். கேட்கத்தான் செய்தது. பேச்சு மும்முரத்தில் இத்தனை நேரம் கவனிக்கவில்லை.

அதற்குள் அவர் ரூத்தைப் பார்த்துவிட்டார். "அட, கம்பவுண்டர் மக ரூத்து தான நீ? என்னைத் தெரியிலயா கண்ணு, ஆறுச்சாமி. உங்கப்பா மதுக்கரைக்கு மாத்தலாகிப் போறவரைக்கும் இந்தக் கரைமேலதான பள்ளிக்கூடம் போயிட்டிருந்த? கண்ணைக் கட்டி உட்டாலும் கொடிவேரிக்குப் போயிருவயே. மாப்பிள்ளைக்கு வழி சொல்றதுக்கென்ன?"

சிரித்துக்கொண்டே அவர் மதகுப் பக்கம் போய்விட்டார்.

தங்கராஜ் படத்தைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான்.

"தெரிஞ்சுக்கிட்டேவா என்னை நாலு சுத்து சுத்த உட்ட? எதுக்கு ரூத்து?"

ரூத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கொடிவேரி வந்துருச்சுன்னா அப்புறம் ஊடு வந்துருமுங்க. ஊட்டுக்குப் போனா நீங்க உங்கண்ணன்கிட்டப் பேசுவீங்க, நான் உங்கண்ணிகிட்டப் பேசுவேன். நாம ரெண்டு பேரும் எப்பங்க பேசறது?"