எட்டடியா, நாலடியா?

"கம்பம் எட்டடிக்கு ஒண்ணு நட்டாச்சு. அதது தலையில கூரையைத் தாங்க ஒரு முக்கோண இரும்புச் சட்டம், ஒரு ட்ரஸ். கூரை நிக்கும். நடுவுல இன்னொரு ட்ரஸ் எதுக்குப்பா?"

கட்டடப் பொறியியல் கடைசி வருஷம் படிக்கும் மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எனக்கு நாலடிக்கு ஒண்ணு வேணும்," என்றார் அப்பா.

"காரணம்?"

"காத்து."

வெல்டர் சிரித்தே விட்டார். "இலைகூட அசையலையேண்ணே! சட்டுனு சொல்லுங்க, அடுத்த இடத்துல கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நின்ற இடத்தில் நிற்க முடியாமல் கம்பத்துக்குக் கம்பம் நடந்தாள். டிராக்டர் நிறுத்துகிற கொட்டகை. புயலையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருந்தாள். பேராசிரியரிடமே மல்லுக்கு நின்று ஜெயித்தவள். சொந்த வீட்டில் அவள் பேச்சு செல்லாக்காசா?

"இதே கணக்கை ஒரு பையன் போட்டிருந்தா வாயைத் திறப்பீங்களா? பொண்ணு மேல நம்பிக்கை இல்ல. அதை நேரா சொல்லுங்க!"

அப்பா நாலடி அளந்து தரையில் கோடு கிழித்தார்.

"மாமா, நீங்களாவது சொல்லுங்களேன்."

தகரம் வேய வந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஏணியைப் பிடித்தபடி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷம் யாருடைய கூரையிலிருந்தோ விழுந்து கால் ஒடிந்தவர். கால் கூடிய பிறகும் அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அப்பாதான் கூப்பிட்டிருந்தார்.

"எட்டடிக்கு என்ன குறைச்சல் மருமகளே? நான் ஏறாத கூரையா? இரு, நடந்தே காட்டறேன்."

ஏறினார். முதல் இரண்டு ட்ரஸ்களுக்கு நடுவே மாட்டியிருந்த குறுக்குக் குழாயில் கால் வைத்தார். குழாய் லேசாக அமுங்கி எழுந்தது. ஒடியாது, அவளுக்குத் தெரியும். எட்டடி நீளத்துக்கு அவ்வளவு துள்ளத்தான் செய்யும்.

ஆனால் மாமாவின் கால் வெடவெடவென்று ஆடியது. சட்டென்று ட்ரஸ்ஸைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

வெல்டர் அண்ணாந்து பார்ப்பதற்குள் அப்பா கத்தினார்: "யோவ், இங்க வாய்யா! அந்தக் கோடிக் கம்பம் சாயுதா பாரு!"

வெல்டர் ஓடினார். கம்பம் நேராகத்தான் நின்றது.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் மேலே பார்க்காமல் ஏணியை மட்டும் இறுகப் பிடித்திருந்தார். நாலடிக்கு ஒரு ட்ரஸ் இருந்தால் குழாய் துள்ளாது. அவள் கணக்கில் கூரை இருந்தது. அதன்மேல் நடக்கிறவர் இல்லை.

மாமா இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் நிக்குது," என்று திரும்பி வந்த வெல்டர், "அப்ப எட்டடிதானே?" என்றார்.

"இல்ல, நாலடி," என்றாள் அவள். "நான்தான் தப்பாப் போட்டுட்டேன். காத்தை மறந்துட்டேன்."

"படிச்ச லட்சணம்!" என்று வெல்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"எட்டடியே தாராளம்," என்று மாமாவும் சேர்ந்துகொண்டார். "அப்பனும் பொண்ணும் சரியான பயந்தாங்கொள்ளிங்க!"

"ஆமா மாமா," என்றாள், எந்த வாதத்திலும் தோற்றுப் பழகாதவள். "எனக்குக் காத்துன்னாலே பயம்."